கற்கும் ஆற்றல் குன்றுவது ஏன்?

இருபது ஆண்டுகளாக இலக்கண வகுப்பெடுத்து வருபவன் நான். ஓரங்கள் பழுப்பேறிய அதே குறிப்பேடுதான் இன்றும் என் கைத்துணை. சென்ற பருவத்தில் மாணவியொருத்தி ஓர் ஐயம் எழுப்பினாள். "தொல்காப்பியர் மூன்றென்ற சார்பெழுத்தை நன்னூலார் பத்தாக்கியது மொழி மாறியதாலா, எண்ணும் முறை மாறியதாலா ஐயா?" என்றாள். "தேர்வுக்கு அது வேண்டா" என்று கூறி அமரச் செய்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. வினாவில் பிழையில்லை, புதிதாய் எண்ண என் மனம்தான் மறுத்தது.

கணினியியல் பயிலும் என் மகளிடம் இதனைச் சொன்னேன். "இந்த நோய் எந்திரத்துக்கும் வரும், வாப்பா" என்றாள். அவள் விளக்கியதைச் சுருங்கத் தருகிறேன்.

செயற்கை நரம்பு வலையமைப்பு, அலகுகள் பலவற்றை எடைகள் எனப்படும் எண்களால் பிணைத்து அமைக்கப்படுவது. பிழை நேருந்தோறும் அவ்வெடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்தியே அது கற்கிறது. பழையதை மறத்தல் அதன் ஒரு குறை. புதியதைக் கற்கவே இயலாமற் போதல் மற்றொன்று. இரண்டாவதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துச் சிபான்ஷ் தோஹரே, ரிச்சர்ட் சட்டன் முதலியோர் ஆராய்ந்து, 2024ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இருவகைப் படங்களைப் பிரித்தறியும் பயிற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக 2,000 அளிக்கப்பட்டன. தொடக்கத்தில் நூற்றுக்கு 89 விடைகளைச் சரியாகச் சொன்ன வலையமைப்பு, இறுதியில் 77க்கு இறங்கிற்று.

காரணம் யாது? சில அலகுகள் எதைக் காட்டினும் அசையாது செத்துப்போகின்றன. சில எடைகள் மிகப் பெருத்து, சிறு திருத்தங்களுக்கு இணங்க மறுக்கின்றன. பல அலகுகள் ஒன்றையே திரும்பச் சொல்கின்றன. தொடக்கத்தில் இருந்த பன்மை அழிந்துவிடுகிறது.

அவர்கள் கண்ட மருந்து எளியது. பயன் குறைந்த அலகுகளுள் மிகச் சிலவற்றை மட்டும் அவ்வப்போது புதுக்கி, பிறந்த நிலைக்குக் கொணர்ந்தனர். ஏனையவை கற்றதைக் காத்தன. புதியவை கற்கத் தொடங்கின. ஆயிரக்கணக்கான பயிற்சிகளுக்குப் பின்னும் கற்கும் ஆற்றல் குன்றவில்லை.

மனித மனம் எந்திரமன்று என்பதை அறிவேன். ஆயினும், செத்த அலகு, பெருத்த எடை, கூறியது கூறல் என மூன்றையும் மகள் எண்ணியபோது, என் குறிப்பேடே கண்முன் நின்றது.

அடுத்த வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, "உன் வினாவுக்கு என்னிடம் விடையில்லை, சேர்ந்து தேடுவோம்" என்றேன். வகுப்பு ஒருகணம் வியந்து நோக்கியது. குறிப்பேட்டை நான் எறிந்துவிடவில்லை. அதில் ஓர் ஏட்டை மட்டும் கிழித்துவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறேன். மாணவச் செல்வங்களே, அத்தாளை நிரப்பும் வினாக்கள் உங்களிடமே உள்ளன.