காதால் படிப்பவருக்கு ஒரு தீம்

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு ஓர் இணையப் பக்கத்துக்குள் நுழைபவர் மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் என்றால் அவர் விரல் முதலில் போவது பெரும்பாலும் ‘எச்’ விசைக்கு. ஒருமுறை அழுத்தினால் அடுத்த தலைப்பு. இன்னொருமுறை அழுத்தினால் அதற்கடுத்தது. 1, 2, 3 என்று எண்களை அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்புகள் மட்டும் வரும். ‘கே’ இணைப்புகளுக்கு, ‘பி’ பட்டன்களுக்கு, ‘டி’ பக்கத்தின் பெரும்பகுதிகளுக்கு. நாம் கண்ணை ஓட்டிப் பார்ப்பதை அவர் விரலை ஓட்டிக் கேட்கிறார். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருத்துக்கணிப்பு நடத்துகிறது. நீளமான பக்கத்தில் வேண்டியதைத் தேடத் தலைப்புகளைப் பிடித்துத்தான் போவோம் என்று அதில் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

அந்தத் தலைப்புகளைத் தலைப்புகளாக்குவது கட்டுரை எழுதியவர் அல்ல. ஒரு சிற்றிதழ் ஆசிரியர் வேர்ட்பிரஸின் தலைப்புப் பெட்டியில் நாலு சொல்லைத் தட்டிவிட்டு ‘வெளியிடு’ என்பதை அழுத்துகிறார். அந்த நாலு சொல் முதல்நிலைத் தலைப்பான எச்1 ஆகுமா, டிவ் என்ற வெறும் பெட்டியாகித் தடித்த எழுத்தில் நிற்குமா என்பதைத் தளத்தின் வடிவமைப்பான தீமைச் செய்தவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் தீம் செய்து தருவது என் தொழில். அதில் எனக்குப் பெரும் பொறுப்பாகத் தெரிவது இதுதான். ஒரு கட்டுரையில் ஒரு படத்துக்கு விவரிப்பு விட்டுப்போனால் குறை அந்தக் கட்டுரையோடு நின்றுவிடும். தீமில் ஒரு தலைப்பு தவறான நிலையில் உட்கார்ந்தால், அந்தத் தளத்தில் இதுவரை வந்த, இனி வரப்போகிற ஒவ்வொரு பக்கத்திலும் அது உட்கார்ந்திருக்கும். உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. ஓர் இலவசத் தீம் எத்தனை இடங்களில் போய்ச் சேரும் என்று அதைச் செய்தவராலும் சொல்ல முடியாது.

ஆகவே நான் வண்ணத்தையும் எழுத்துருவையும் தொடுவதற்கு முன், பக்கத்தை வெறும் எச்டிஎம்எல்லாக எழுதி அதன் வரிசையைக் கேட்டுப் பார்க்கிறேன். கண்ணுக்கு இடம், வலம், மேல், கீழ் எல்லாம் உண்டு. காதுக்கு முன், பின் மட்டும்தான். சிஎஸ்எஸ்ஸில் ஒரு கட்டத்தைத் தூக்கி இன்னொரு மூலையில் வைப்பது சுலபம். ஆனால் திரைவாசிப்பான் பொதுவாகக் குறிநிரலில் இருக்கும் வரிசையில்தான் படித்துக்கொண்டு போகும். பார்வைக்கு முதலில் தெரியும் தலையங்கம், கேட்பவருக்கு விளம்பரத்துக்கும் பக்கப்பட்டைக்கும் பிறகு வந்தால் அந்த இதழை வடிவமைத்ததாகவே நான் கருத மாட்டேன்.

தலைப்புக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு எளிமையானது. முகப்பில் இதழின் பெயர் எச்1, கீழே ஒவ்வொரு கட்டுரைத் தலைப்பும் எச்2. கட்டுரைப் பக்கத்துக்குள் போனால் கட்டுரைத் தலைப்புதான் எச்1. இதழின் பெயர் சாதாரண இணைப்பாக இறங்கிவிடும். ‘எச்4 போட்டால் எழுத்து அழகாகச் சிறியதாக வருகிறதே’ என்று வடிவமைப்பாளர்கள் கேட்பதுண்டு. எழுத்தின் அளவு சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். எச்2-க்குப் பின் நேரே எச்4 வந்தால், இடையில் எதையோ தவறவிட்டோம் என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார்.

அடுத்தது ‘மேலும் படிக்க’. தமிழ்த் தளங்களின் முகப்பில் இது இல்லாத இடமே இல்லை. என்விடிஏவில் இன்செர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். முகப்பில் பத்துக் கட்டுரை இருந்தால் பட்டியலில் ‘மேலும் படிக்க’ பத்து முறை வரும். எதை மேலும் படிக்க? வேர்ட்பிரஸின் சொந்தத் தீம்கள் இதற்கு ஒரு வழி காட்டின: அந்த இணைப்புக்குள்ளேயே கட்டுரைத் தலைப்பையும் எழுதி, அதைக் கண்ணுக்கு மட்டும் மறைப்பது. மறைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘டிஸ்ப்ளே: நன்’ என்று எழுதினால் திரைவாசிப்பானுக்கும் அது இல்லாமல் போய்விடும். ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரத்துக்குள் சுருக்கி வெட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும். நான் இன்னும் ஒரு படி போய், முடிந்த இடத்தில் ‘மேலும் படிக்க’வையே எடுத்துவிடுகிறேன். படம், தலைப்பு, ‘மேலும் படிக்க’ மூன்றும் ஒரே கட்டுரைக்குத்தான் போகின்றன. ஒரே வாசலை மூன்று முறை அறிவிக்கக் காரணம் ஏதுமில்லை. தலைப்பு ஒன்றே இணைப்பாக இருந்தால் போதும்.

மெனுவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மூன்று கோடு போட்ட அந்தச் சின்னத்தைப் பட்டனாகவே எழுத வேண்டும். டிவ்வில் கிளிக் வைத்து எழுதினால் மவுஸுக்கு மட்டுமே திறக்கும். டேப் விசை அதைத் தொடாமலே தாண்டிப் போகும். பட்டனுக்கு ‘மெனு’ என்று பெயர் இருக்க வேண்டும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் திரைவாசிப்பானுக்கான ஏரியா குறிகளில் ஒன்றான ஏரியா-எக்ஸ்பாண்டட் சொல்ல வேண்டும். உள்மெனு உள்ள இடத்தில் ‘நூல்கள்’ என்பது இணைப்பாகவும், அதன் பக்கத்தில் உள்மெனுவைத் திறப்பது தனிப் பட்டனாகவும் இருக்கட்டும். ட்வென்டி சிக்ஸ்டீன் தீமின் கைபேசி மெனுவில் இப்படித்தான் செய்திருந்தார்கள். இன்றுவரை அதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் காணவில்லை. ஏரியா குறிகளை எல்லா இடத்திலும் அள்ளித் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். தவறான ஏரியா போடுவதைவிடப் போடாமலே இருப்பது மேல் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. எச்டிஎம்எல்லின் சாதாரணப் பட்டன், படிவம், பட்டியல் இவையே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

இனி மொழி. தமிழுக்குத் தீம் செய்பவர்கள் கூடுதல் அக்கறை எடுக்க வேண்டிய இடம் இது. இந்தப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று எச்டிஎம்எல்லின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. அதைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் என்ற பேச்சுக் கருவியில் தமிழ் இருக்கிறது. விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. பக்கம் தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டால் இந்தக் குரல்களுக்கு வேலையே வராது. ஆங்கிலம் மட்டும் அறிந்த குரல்கள் பல, தமிழ் எழுத்து வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். ஆயிரம் சொல் கட்டுரையில் நடுவே உள்ள எண்களும் ரோமன் எழுத்தில் உள்ள இரண்டொரு சொற்களும் மட்டும் கேட்கும்.

நல்ல தீமிலும் இது ஏன் நடக்கிறது? தளத்தை நடத்துபவருக்கு நிர்வாகப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் வசதி. அதற்காகத் தளத்தின் மொழியையே ஆங்கிலமாக வைத்துவிடுகிறார். 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7-லிருந்து இதற்குத் தேவையே இல்லை. தளத்தின் மொழியைத் தமிழ் என்று வைத்துவிட்டு, பயனர் தன் சொந்தக் கணக்கில் மட்டும் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு தளத்தை ஒப்படைக்கும்போது நான் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த அமைப்பைத்தான். இரண்டு நிமிட வேலை. இதனால் ஒரு தளம் முழுவதும் பேசத் தொடங்கும்.

மொழி தமிழானதும் அடுத்த குறை வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத சொற்களை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ‘உள்ளடக்கத்துக்குச் செல்க’ என்ற தாவல் இணைப்பு, மெனுவின் பெயர், தேடல் பெட்டியின் விளக்கம், பக்கப்பட்டையின் பெயர் எல்லாம் மறைவாக இருப்பதால் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பவர் திரையைப் பார்த்து வேலை செய்கிறார். திரையில் இல்லாததை அவர் எப்படித் தேடுவார்? இந்தச் சொற்கள் அனைத்தையும் மொழிபெயர்ப்புக் கோப்புக்குள் வரும்படி எழுதுவதும், ஒவ்வொன்றுக்கும் அருகில் ‘இது காதுக்கு மட்டும்’ என்று மொழிபெயர்ப்பாளருக்குக் குறிப்பு வைப்பதும் தீம் செய்பவர் கடமை.

பழைய எழுத்துரு விஷயத்தையும் விட்டுவிட முடியாது. பாமினி போன்ற குறிமுறைகளில் தட்டியது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றும் பதிப்பகங்களிடம் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு தீம் பற்றிப் பேசலாம் என்றே சொல்லிவிடுகிறேன். அழகான எழுத்தில் வேண்டும் என்று தலைப்பைப் படமாக்கி ஒட்டுவதும் இதே கதைதான். இன்று எந்தத் தமிழ் எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப முடிகிறபோது அதற்கு அவசியம் இல்லை.

நிற வேறுபாடு பற்றி ஒரு வரி: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 விகிதம் இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகலுக்கான வழிகாட்டி நெறியான டபிள்யூசிஏஜி. வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும்போது மிக அதிகமாகத் தென்படும் குறை இதுதான். குறைபார்வை உள்ளவர்களுக்கு வெளிர்சாம்பல் எழுத்து வெள்ளைத் தாள்தான்.

தளத்தைச் சோதிக்கும் கருவிகள் படத்துக்கு ஆல்ட் என்ற விவரிப்பு இருக்கிறதா என்று சொல்லும். அதில் எழுதியிருப்பதால் பயன் உண்டா என்று சொல்லாது. அதைக் காதால்தான் அறிய வேண்டும். இந்த இடத்தில் என்விடிஏவை உருவாக்கியவர்களை நன்றியோடு நினைக்கிறேன். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் இதைத் தொடங்கினார். இன்னொரு பார்வையற்ற நிரலாளர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் ஏறக்குறைய ஆயிரம் டாலர் விலையில் இருந்த காலத்தில் இதை அவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். படிப்பவருக்கு மட்டுமல்ல, தீம் செய்பவருக்கும் அது இலவசம். கேட்டுப் பார்க்கவில்லை என்பதற்குச் சாக்கு கிடையாது.

என் தீம்களைக் கேட்டுச் சொல்லும் தோழி ஒருவர் பள்ளித் தமிழாசிரியர்; பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அந்த வேகத்தில் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று நின்றால், அங்கே தீமில் ஏதோ இருக்கிறது என்று பொருள். “சார், தேடுனேன். வந்துச்சா வரலையான்னே தெரியலையே” என்றார் ஒருமுறை. பக்கத்தைப் புதுப்பிக்காமலே முடிவுகளைக் காட்டும் தேடல் அது. முடிவுகள் வந்துவிட்டன என்று காதுக்குச் சொல்லும் அறிவிப்புப் பகுதியை அந்தத் தேடலுக்கான செருகுநிரல் வைத்திருக்கவில்லை. அதைச் சேர்ப்பது சில வரி வேலைதான். ஆனால் அந்த மௌனத்தைக் கண்டுபிடிக்க, கேட்டுப் பழகிய ஒருவர் வேண்டும். அவருக்கு அதற்குரிய ஊதியமும் வேண்டும். நான் தரும் மதிப்பீட்டிலேயே அதைத் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.

சட்டம் பக்கபலமாக இருக்கிறது. இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அணுகலைப் பற்றிப் பேசுகிறது. மின்னணு அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்றாலும் ஒரு சிற்றிதழ் ஆசிரியரிடம் நான் சட்டத்தைக் காட்டுவதில்லை. என்விடிஏவை ஓடவிட்டு, அவருடைய தளத்தையே அவரைக் கேட்கச் சொல்கிறேன்.

இன்னும் எனக்குள் தீராத கேள்வி ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்தின் நடுவே ரோமன் எழுத்தில் ஆங்கிலச் சொல் வந்தால் அதை ஆங்கிலம் என்று குறிக்க வேண்டுமா? வழக்கில் கலந்த சொற்களுக்கும் பெயர்களுக்கும் கலைச்சொற்களுக்கும் டபிள்யூசிஏஜி விலக்கு தருகிறது. குறித்தால் உச்சரிப்பு சரியாக வரும். ஆனால் சிலர் கணினியில் குரலே ஆணிலிருந்து பெண்ணுக்குத் தாவி, வாக்கியம் உடைந்துபோகும். தனிச்சொல்லை விட்டுவிடுங்கள், நீண்ட மேற்கோளைக் குறியுங்கள் என்கிறார் தோழி. கட்டுரைகளில் அப்படியே செய்கிறேன். கவிதைக்குள் வரும் ஆங்கில வரிக்கு மட்டும் இப்போதைக்குப் பொதுவிதி வைக்கவில்லை. குரல் மாறலாமா என்று கவிஞரிடமே கேட்டுக் குறிக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.