உண்டதறிந்து தெளிதல்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. நாம் தட்டான் என்பதை அடுத்த வீட்டார் தும்பி என்பர். நாம் கும்பிடுபூச்சி என்பதை அவர்கள் தொழுகையன் என்பர். நெற்பயிரைத் தீய்ந்தது போல் ஆக்கிவிடும் புகையானை முஞ்ஞ என்பர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று தொட்டுக் களியக்காவிளையைக் கடக்கும் மனிதர்க்கும் வண்டிகளுக்கும் எல்லை ஒன்று உண்டு. பூச்சிகளுக்கு அது இல்லை. இப்பக்கத்துப் பந்தலில் அடித்த மருந்துக்குத் தப்பியது அப்பக்கத்துத் தோட்டத்தில் போய் இறங்கும்.

இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரும் உளர். பிழைப்பின் பொருட்டுப் பின்னர் வந்து குடியமர்ந்த நம்மனோரும் உளர். இரு சாராரையும் வருத்திய பேச்சு ஒன்று 2015-ஆம் ஆண்டில் கேரளம் எங்கும் எழுந்தது. தமிழகத்திலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்துள்ளது என்பதே அது. அந்நாட்களில் சந்தையில் நின்று பேரம் பேசும்போது, “பாண்டிச் சரக்கு விஷம்” என்னும் சொல் நம் காதிலும் விழுந்தது. சொன்னவர் நம்மை நோக்கிச் சொல்லவில்லை. ஆயினும் நம் வீட்டுப் பெண்கள் அன்று தமிழில் பேசாமல் காய் வாங்கித் திரும்பினர். அண்மையிலுள்ள வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் எச்ச ஆய்வுக்கூடம் செய்தது வேறு. அது காயின் ஊரைக் கேட்கவில்லை. காயைக் கரைத்து அதனுள் இருப்பதைக் கேட்டது. ஊரைக் கேட்டு முடிவு செய்வதற்கும் உள்ளே பார்த்து முடிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அன்று நன்கு உணர்ந்தோம்.

பூச்சிகள் திறத்திலும் இவ்வேறுபாடு பெரிது என்பதைப் பாறசாலைக்கு அருகே நம் மைத்துனர் இட்டிருந்த பயற்றுப் பந்தல் காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் சென்றோம். கொழுந்தெல்லாம் அசுவினி அப்பியிருந்தது. அவற்றினிடையே கருநிறத்தில் மஞ்சட் புள்ளிகளுடன், பல்லிக்குஞ்சு போன்ற புழுக்கள் ஊர்ந்தன. மைத்துனர் தெளிப்பானைத் தோளில் ஏற்றியிருந்தார். அவை பொறிவண்டின் குஞ்சுகள் என்றும், அசுவினியைத் தின்பவை என்றும் நாம் கூறினோம். அவர் ஒப்பவில்லை.

“கத்தரி இலைய அரிச்ச வண்டுக்க கூட்டந்தான் இதும், அத்தான். இது அசுவினியத் திங்கியத நீங்க பாத்தியளா?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பொறிவண்டுக் குடும்பத்திலேயே எபிலாக்னா என்னும் ஓர் இனம் கத்தரி இலையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கும். அதே குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவற்றைத் தின்று வாழும். முதுகுப் புள்ளிகளைக் கொண்டு இவன் நல்லவன், இவன் தீயவன் என்று எளிதில் கூறிவிட முடியாது. அன்று மாலை வரை பொறுக்க அவர் இசைந்தார். சற்று நேரத்திற்குள் புழு ஒன்று அசுவினியைக் கவ்வித் தின்பதை அவரே குனிந்து கண்டார். அந்த வரிசைக்கு மருந்து அடிக்கப்படவில்லை.

பகலில், கண்ணெதிரே, நகராத அசுவினியைத் தின்னும் புழுவுக்குக் கண்ணே சாட்சியாகும். நீலகிரியில் 1928-ஆம் ஆண்டில் சீகை மரங்களைப் பற்றிய செதில்பூச்சியை ஒடுக்க, ரொடோலியா என்னும் பொறிவண்டை 1929-இல் கொண்டு வந்து விட்டனர். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்ததும் அவ்வண்டே. அவர்களுக்கும் கண்ணே கருவியாயிற்று. ஆனால் நெல்வயலில் இரவு நேரத்தில் தூரினடியில் நடப்பதை யார் காண்பது? ஓநாய்ச் சிலந்தி தன் இரையைக் கரைத்துச் சாறாக உறிஞ்சிவிடும். மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையான் இட்ட முட்டையின் உள்ளீட்டை ஊசி போன்ற வாயால் குடித்துவிடும். இவற்றின் வயிற்றைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தாலும் காலோ சிறகோ கிட்டாது.

இங்கேதான் டி.என்.ஏ. ஆய்வு துணைக்கு வருகிறது. உயிர் ஒவ்வொன்றின் அணுக்களிலும் நான்கு வேதியெழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட சுவடி உண்டு. இரை செரித்துச் சாறான பின்னும் அச்சுவடியின் கிழிந்த துண்டுகள் சிறிது காலம் உண்டவன் வயிற்றில் தங்கியிருக்கும். வயலில் பிடித்த பூச்சியைத் தனித்தனிச் சிமிழில் சாராயத்தில் இட்டுக் குளிரில் வைப்பர். ஒன்றோடொன்று சேர்த்து இட்டால் ஒன்றின் எச்சம் மற்றொன்றில் ஒட்டிச் சாட்சியைக் கெடுத்துவிடும். பின்னர் அதன் உடலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பர். 1983-இல் காரி மல்லிஸ் கண்ட பாலிமரேஸ் தொடர்வினையால் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவர். அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்து, முன்னரே இனங்கண்டு சேர்த்து வைத்த பட்டியலோடு ஒப்பிடுவர்.

அப்பட்டியலுக்கு அடிப்படையை 2003-இல் கனடா நாட்டின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட் வகுத்தார். கடைச் சரக்குகளின் மேல் உள்ள பட்டைக்குறி போல, விலங்கினம் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டால் அடையாளம் காணலாம் என்றார். வயிற்றுக்குள் அது முழுமையாகக் கிட்டாது. ஆதலின் அதனினும் குறுகிய துண்டுகளையே தேடுவர். 1999-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரைவண்டுகளுக்குக் கொசுவை உண்ணக் கொடுத்துப் பார்த்தனர். 28 மணி நேரம் கழிந்த பின்னும் கொசுவின் சுவடு வண்டினுள் இருந்தது. இன்று ஒரே பூச்சியின் வயிற்றிலிருந்து பல வகை இரைகளையும் ஒரே வேளையில் படித்துவிடும் பொறிகள் உள்ளன.

அலுவலகத்தில் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தே நாட்களைக் கழிக்கும் நமக்கு இம்முறை அயலாகத் தோன்றவில்லை. செலவு நடந்ததென்று வாயால் சொன்னால் போதாது, சீட்டு வேண்டும். அவ்வாறே சீட்டு ஒன்று இருப்பதனாலேயே எல்லாம் விளங்கிவிடுவதும் இல்லை. சிலந்தியின் வயிற்றில் புகையானின் டி.என்.ஏ. கிட்டினால், சிலந்தி அதைக் கொன்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்று அது கூறாது. புகையானைத் தின்ற வேறொரு பூச்சியைச் சிலந்தி தின்றிருக்கவும் கூடும். முட்டையை உண்டதா, வளர்ந்ததை உண்டதா என்பதும், எத்தனை உண்டது என்பதும் அதனால் தெளிவாகா. நன்மை செய்யும் பூச்சியை இன்னொரு நன்மை செய்யும் பூச்சி தின்றதற்கான சீட்டும் சில வேளை அதே வயிற்றில் கிடைக்கும். ஆகவே வயலில் எண்ணிப் பார்ப்பதும் கூண்டில் அடைத்து நோக்குவதும் இவ்வாய்வோடு சேர வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 1973-74-இல் கேரளத்து நெல்வயல்களைப் புகையான் பேரளவில் அழித்தது. குட்டநாட்டு உழவர் அதை மறக்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் பிலிப்பைன்சு நாட்டின் வயல்களில் பீட்டர் கென்மோர் என்பவர் ஓர் உண்மையை நிலைநாட்டினார். மருந்து அடித்த வயலில் புகையானினும் அதன் பகையான சிலந்தியும் நாவாய்ப்பூச்சியுமே மிகுதியாக மடிந்தன. தண்டினுள் இட்ட முட்டைகள் தப்பிப் பொரித்தன. காவலற்ற வயலில் புகையான் முன்னிலும் பெருகியது. இதனை ஏற்று, 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. காவலரை அறியாமல் கொன்றுவிட்டுத் திருடனைத் துரத்த மேலும் மேலும் மருந்து அடிப்பதே பல இடங்களில் நடந்தது. காய்கறியில் எச்சம் மிகுவதற்கும் இதுவே ஒரு காரணம். சந்தையில் நாம் கேட்ட சுடுசொல்லின் வேர் இவ்வாறு யாரோ ஒருவர் தோட்டத்தில், எது காவல், எது கள்ளம் என்று தெரியாத ஒரு காலைப்பொழுதில் ஊன்றியிருக்கிறது.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. வினைக்குரியவரை ஆராய்ந்து தேர்வது பற்றி அரசர்க்குச் சொன்னது அது. ஐந்து சென்ட் நிலத்தில் பயறு இடுபவர்க்கும் அது பொருந்தும். அவர் தம் தோட்டத்துச் சிலந்தியை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. ஆய்வு கண்ட முடிவு அவரிடம் வந்து சேர வேண்டும். அதுவும் அவர் வழங்கும் பெயரில் வந்து சேர வேண்டும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் நம் நாட்டுப் பூச்சிகளுக்குப் பட்டைக்குறிகளைத் தொகுத்து வருகிறது. ஆயினும் பட்டியலில் இல்லாத இனத்தின் துண்டு கிட்டினால், பொறி எழுத்தைப் படிக்குமே தவிரப் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்ல, பூச்சியைக் கையில் எடுத்து நோக்கப் பழகியவர் வேண்டும். உயிரியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கிறது. இரு மொழிகளிலும் பூச்சியின் பெயரறிந்து வளர்வது அவர்களுக்கு ஒரு கூடுதல் தகுதி.

அதுவரை நம் வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்துத் தெளிப்பானை எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தை ஒரு பொழுது உற்று நோக்கலாம். சந்தையிலும், “எந்த ஊர்ச் சரக்கு?” என்று கேட்பதற்கு முன், “சோதித்தார்களா?” என்று கேட்கலாம். நம்மைப் பற்றிப் பிறர் கேட்க வேண்டும் என்று நாம் விரும்புவதும் அந்த இரண்டாவது கேள்வியையே.