அதே நாற்பது பாட்டு

அப்பாவைக் கிண்டல் செய்ய எங்கள் வீட்டில் ஒரு விஷயம் எப்போதும் தயாராக இருந்தது. அவருடைய பாட்டுகள். தம்பி ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, மொத்தம் நாற்பது என்று கணக்குச் சொன்னான். அன்றிலிருந்து அதற்கு 'அப்பா நாற்பது' என்றே பெயர் ஆகிவிட்டது. காரில் ஏறினால் அதே பென்டிரைவ், அதே வரிசை. தெலுக் இந்தானிலிருந்து கோலாலம்பூர் வந்து சேர்வதற்குள் நாற்பதும் முடிந்து மறுபடியும் முதல் பாட்டு தொடங்கியிருக்கும்.

இடையில் நான் ஏதாவது புதுப் பாட்டைப் போட்டால் அப்பா மறுப்புச் சொல்ல மாட்டார். ஐந்து நிமிடம் சன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவார். பிறகு மெதுவாக, "நல்லாத்தாம்மா இருக்கு. நம்ம பாட்டப் போடேன்" என்பார். வயதானவர்களின் பிடிவாதம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். இத்தனை வருடம் அப்படித்தான் சிரித்தோம்.

போன வருடக் கடைசியில் என் மகளின் தமிழ்ப்பள்ளியில் ஒரு கலை நிகழ்ச்சி. அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். அவளுடைய ஆசிரியையே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. அப்பாவும் அம்மாவும் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். அப்பா இரண்டாவது வரிசையில், முதுகை நிமிர்த்தி, பேத்தியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "தாத்தா, எந்த எடம் புடிச்சிருந்துச்சு?"

"எல்லாமே நல்லா இருந்துச்சுடா பாப்பா."

"எதப் பத்தின பாட்டுன்னு சொல்லுங்க பாப்போம்?"

அப்பா சிரித்தார். அவள் தலையைத் தடவிவிட்டு, குளிக்கப் போவதாக எழுந்து போனார். அவள் அடுப்படிக்கு வந்து என் காதோடு சொன்னாள்: "அம்மா, நான் பாடுனது தாத்தாவுக்குக் கேக்கல."

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. எங்களுக்கு அந்தக் கோணத்தில் ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. அம்மா மட்டும் அவ்வப்போது, "நான் சொல்றது மட்டும் இந்த மனுசனுக்குக் காதுல ஏறாது" என்பார். அதை நாங்கள் நாற்பது வருடத் தாம்பத்தியத்தின் வழக்கமான புகார் என்று எடுத்துக்கொண்டோம்.

காதைப் பற்றி நேராகக் கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார் என்று தெரியும். இரவு சாப்பாடு முடிந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். "அப்பா, ஒங்களுக்கு மொதமொதல்ல புடிச்ச பாட்டு எது?" என்றுதான் ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடம் அந்த நாற்பதைக் கேட்டு வளர்ந்தவள், இந்தக் கேள்வியை ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.

அவர் தோட்டத்துத் திடலுக்குப் போய்விட்டார். 'கர்ணன்' படம். 1964இல் வந்த படம்; அவர்கள் தோட்டத்துக்கு வந்து சேர ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். முன்பக்கம் பெரியவர்கள் பாய் விரித்து இடம் பிடித்துவிட, பையன்கள் திரைக்குப் பின்னால் புல்லில் மல்லாந்து கிடந்து எல்லாவற்றையும் இடம் வலமாகப் பார்த்திருக்கிறார்கள். "சிவாஜி இடது கையால அம்பு வுடுவாரும்மா" என்று சிரித்தார். அப்போதுதான் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து பி.சுசிலாவின் குரல் வந்திருக்கிறது. "அதுக்கு முன்னாடி பாட்டுன்னா எனக்குக் கோயில் திருவிழாவுல கத்தறதுதான். இப்படி ஒரு மனுசக் கொரல் இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு பேச்சு நிற்கவில்லை. 1974இல் ஆலையில் கொடுத்த போனஸ் பணத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியது. வானொலிக்குப் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை எழுதியது. எழுதிய அட்டைகளில் எல்லாம் சுசிலா பாட்டுதான். அந்த அட்டையில் ஒருமுறை தன் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டாராம். கல்யாணப் பேச்சே தொடங்காத நேரம். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அந்தக் கதைய ஏன் கேக்குற! எங்கப்பா அன்னிக்கு வேலைக்குப் போகாம வீட்டுல இருந்தாரு. ரேடியோவுல என் பேரு வருது!" எங்கள் வீட்டில் இது ஒரு காதல் கல்யாணம் என்பது எனக்கு நாற்பத்தோரு வயதில் தெரிய வந்தது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் கேட்டேன். "சுசிலாம்மான்னா உசுருங்கறீங்க. ஆனா ஒங்க நாப்பதுல முக்காவாசி டி.எம்.எஸ். பாட்டுதானேப்பா இருக்கு?"

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"சுசிலாம்மா கொரலு இப்ப வரமாட்டேங்குதும்மா."

"எங்க வரமாட்டேங்குது?"

"காதுக்குத்தான்."

டி.எம்.எஸ். குரல் அடி வயிற்றிலிருந்து வருவது, அது வந்துவிடும் என்றார். சுசிலாவின் குரல் முதலில் தேய்ந்தது. வார்த்தைகளின் விளிம்பு போனது. பிறகு மெட்டு மட்டும் தூரத்தில் கேட்டது. புல்லாங்குழலும் சலங்கையும் எப்போது போனதென்றே அவருக்கு நினைவில்லை. "புதுப் பாட்டு நீ போட்டீன்னா எனக்குத் தாளம் மட்டும் வரும். பக்கத்து வீட்டுல யாரோ பாத்திரம் வெளக்குற மாதிரி. பழசுன்னா எனக்கு மனப்பாடம். காது பாதி குடுத்தாப் போதும், மீதிய நானே போட்டுக்குவேன்."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். தம்பி ஐந்தாம் படிவம் படிக்கும்போதே ஆரம்பித்துவிட்டதாம். அவனுக்கு இப்போது பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகிறது.

அப்பா 34 வருடம் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். பாய்லர், டர்பைன், கொட்டை உடைக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆலை இரைச்சலுக்கு நம் நாட்டில் 1989இலேயே சட்ட விதிமுறை வந்துவிட்டது. 2019இல் இன்னும் கடுமையாக்கி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்தார்கள். காதடைப்பான் கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள். அப்பா அதை ஆணியில் மாட்டி வைத்துவிடுவார். "அதப் போட்டுக்கிட்டா பேரிங் தேயற சத்தம் எப்படிம்மா கேக்கும்?" எந்த இயந்திரம் எப்போது கெட்டுப்போகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஆலையில் அவருக்குப் பெயர். அந்தப் பெயருக்குக் கொடுத்த விலை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. கோபப்பட்டது நான்தான், யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மறுமாதம் செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்தவர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது. மலாயில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி அப்பாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு அந்தப் பெண் ஒரு காகிதத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு அதே மாதிரிச் சொற்களைச் சொன்னார். அப்பாவால் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. பள்ளி நிகழ்ச்சியில் அவர் ஏன் பேத்தியின் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த அறையில் எனக்கு விளங்கியது.

வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஓரளவு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் வருவதற்குள் பள்ளத்தில் இறங்கியிருந்தது. இயந்திர இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான், முதுமையும் உச்ச ஒலிகளில்தான் கை வைக்கும், இவருக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன என்றார் அந்தப் பெண். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெல்லொலிகளும், பாட்டின் மினுமினுப்பும் அங்கேதான் இருக்கின்றனவாம்.

செவிப்பொறி வாங்கினோம். சில ஆயிரம் ரிங்கிட். நானும் தம்பியும் பாதிப் பாதி. கிண்டல் செய்ததற்கு அபராதம் என்றான் தம்பி. அதை மாட்டிய அன்றே அப்பாவுக்கு சுசிலா திரும்பக் கிடைத்துவிடுவார் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் முதல் வேலையாகக் 'கர்ணன்' பாட்டைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் அப்பா பொறியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தகர டப்பாக்குள்ள ஒக்காந்து பாடுறாங்கம்மா."

மறுபடியும் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, செவிப்பொறியை முதலில் மனிதப் பேச்சுக்காகத்தான் அமைத்துத் தருகிறார்கள். பேச்சுக்கு வசதியாக மெல்லிய ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். பாட்டின் ஏற்ற இறக்கம் அதில் தட்டையாகிவிடுகிறது. நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழலைப் பொறியே எழுப்பும் சீட்டிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அதை அழிக்கப் பார்க்குமாம். இசைக்கென்று தனி அமைப்பு உண்டு. கேட்டால் போட்டுத் தருவார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது பொறியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தால், இதை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

அமைப்பை மாற்றிய பிறகு இப்போது பரவாயில்லை என்கிறார். சுசிலா வருகிறார், ஆனால் பழைய சுசிலா இல்லை. "மனசுல இருக்கறதுதான் இன்னும் ஒசத்தி" என்று சொல்லிவிட்டு, சில நாள் பொறியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாட்டுக் கேட்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் வந்திருந்தபோது பொறியை மாட்டிக்கொண்டு, என் மகளைக் கூப்பிட்டார். பள்ளியில் பாடிய அந்தப் பாட்டைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். அவள் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளை எதிரே உட்கார வைத்தார்.

"இப்பப் பாடு பாப்பா. மெதுவா."

அவள் பாடினாள். அப்பா விரலால் எழுத்தைத் தொட்டபடியே வந்தார். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ரெண்டாவது வரியில மேல போறியே, அந்த எடம் எனக்கு இன்னும் சரியா வரல. அத மட்டும் மறுபடியும் பாடு."