பேஸ் வாசிக்க ஒருவர்

மன்னாரில் பாட்டுக்காரருக்குப் பஞ்சமில்லை. பேசாலை, வங்காலைப் பக்கங்களில் கூத்துப் பாடி வளர்ந்த குரல்கள் இருக்கின்றன. கோயில் பாடகர் குழாமில் கீபோட் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். லீட் கிற்றாருக்கு ஒருவரைக் கேட்டால் மூன்று பேர் வருவார்கள். டிரம்ஸ் பற்றிச் சொல்லத் தேவையில்லை, என் வகுப்பு மேசைகளே சாட்சி. ஆனால் பேஸ் கிற்றாருக்கு ஒருவரைத் தேடிப் பாருங்கள். இந்தத் தீவு எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் விளங்கும்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து 2016இல் ஒரு சிறிய இசைக்குழுவைத் தொடங்கினோம். சொந்தப் பாட்டு எதுவும் எங்களிடம் இல்லை. பழைய சினிமாப் பாட்டுகள், இடையில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்து இலங்கைப் பொப் பாட்டுகள், அவ்வளவுதான். கல்யாண வீடு, கோயில் திருநாள், பாடசாலை ஆண்டிறுதி விழா என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகள் வரும். குழுவில் கத்தோலிக்கர் உண்டு, சைவர் உண்டு, முஸ்லிம்கள் நாங்கள் இருவர். நான் கொஞ்சம் ஆர்மோனியம் வாசிப்பேன், கோரஸ் பாடுவேன். ஆனால் என் உண்மையான வேலை கணக்குப் புத்தகமும் தொலைபேசியும்தான். வாத்தியார் என்றால் அவை தானாக நம் கைக்கு வந்துவிடும்.

ஆரம்பத்தில் எங்களுக்கு பேஸ் இல்லை. கீபோட்காரர் இடது கையால் சமாளித்தார். இப்போது வரும் கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் தாமாகவே ஓடும். அதில் ஒரே ஒரு குறை உண்டு. பாடகர் ஒரு சொல்லில் கொஞ்சம் நின்று ருசிக்க விரும்பினாலும் பொத்தான் நிற்காது. மனிதன் வாசித்தால் பாடகரின் முகத்தைப் பார்த்து நிற்பான்.

பேஸ் என்றால் என்ன என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நான்கு தடித்த நரம்புகள். மிகத் தாழ்ந்த நரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்கே அதிகம் தெரியும் சத்தம் அது. பாட்டின் கால் அதுதான். கீபோட்டில் ஸீ, ஈ, ஜீ என்ற மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் அது மகிழ்ச்சியான ஒலி. அதே நேரத்தில் பேஸ்காரன் கீழே ஏ என்ற சுரத்தைத் தொட்டால், மேலே ஒருவர் விரலும் அசையாமலே அந்த மகிழ்ச்சி சோகமாகிவிடும். மேலே நடப்பதற்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிப்பவன் கீழே நிற்பவன்தான்.

எனக்கு இது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் வாழ்க்கை. அங்கே எங்கள் பாட்டெல்லாம் அயல் கொட்டிலில் இருந்த ஒரு சிறிய டிரான்சிஸ்டரில் வந்ததுதான். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் பேஸ் ஒலி வராது. அதன் மேலோசைகள் மட்டும் வரும், அவற்றை வைத்து மூளை கீழோசையைத் தானாக நிரப்பிக்கொள்ளும். இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அகதி வாழ்க்கையில் வேறு பலவற்றையும் நாங்கள் அப்படித்தான் நிரப்பிக்கொண்டோம்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதி நண்பர் ஒருவர் ஹெட்போனைத் தந்து, 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டொன்றைக் கேட்கச் சொன்னார். நூறு தடவை கேட்ட பாட்டு. அன்றுதான் அதற்குள்ளே இன்னொரு பாட்டு ஓடுவதைக் கேட்டேன். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் சும்மா தாளத்துக்குத் துணை போவதில்லை, தனக்கென ஒரு மெட்டில் நடக்கும். அவருடைய குழுவில் நீண்ட காலம் அதை வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரஹ்மானின் பல பாடல்களில் அந்த இடத்தில் இருப்பவர் கீத் பீட்டர்ஸ். பாட்டைத் தெரிந்த இலட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

இது நம் பக்கத்துக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் உலகமே ஆடிய அந்த இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அது அச்சானது. பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டுவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகியபோது அந்த இடத்துக்கு வேறு எவரும் விரும்பி வரவில்லை. பால் மக்கார்ட்னி எடுத்துக்கொண்டார். ஆக, இந்தக் கதிரை எங்கும் விருப்பமில்லாத கதிரைதான்.

எங்களுக்கு முதலில் கிடைத்தவர் எங்கள் ஊர்ப் பையன். நல்ல கை. கடனுக்கு ஒரு பழைய பேஸ் கிற்றார் வாங்கிக் கொடுத்தோம். ஏழு மாதம் வாசித்தான். ஒரு வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அவன் தம்பியிடம் கேட்டால், “நானா கட்டாருக்குப் போயிட்டாரே சேர், உங்களுக்குத் தெரியாதா?” என்றான். விசா வந்தது, போய்விட்டான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் மூன்று தங்கச்சிகள். ஆனால் சனிக்கிழமை எங்களுக்கு ஒரு கல்யாண வீடு இருந்தது.

இரண்டாமவர் மன்னார் டவுனில் கடை வைத்திருப்பவர், எங்கள் ஆள்தான். எப்போது கேட்டாலும் “இன்ஷா அல்லாஹ், வருவேன் மாஸ்டர்” என்பார். நான்கு நிகழ்ச்சிக்குச் சொன்னார், ஒன்றுக்கு வந்தார். வந்த அன்று மிக அழகாக வாசித்தார். அதனால்தான் மற்ற மூன்றும் அதிகமாக வலித்தன.

மூன்றாவது, சாதாரணதரம் எழுதிவிட்டு நின்ற ஒரு மாணவன். மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அவனுடைய வாப்பா வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“சேர், உங்கள மதிக்கிறன். ஆனா எனக்கு இது மார்க்கத்தில சரியாப் படேல்ல. மகன் இனி வரமாட்டான். நானே வந்து சொல்லணும் எண்டுதான் வந்தன்.”

இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மூத்தாப்பாமார் பக்கீர்மாரின் றபானுக்கு முன்னால் இரவிரவாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வாப்பாமார் நாகூர் ஹனீபாவின் கஸற்றுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்லி வாதாடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாதாடவில்லை. அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். மூன்று பேரில் வரமாட்டேன் என்பதை முகத்துக்கு நேரே சொன்னவர் இவர் ஒருவர்தான். அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவரைத்தான் என்னால் நம்ப முடிந்தது.

அன்றிலிருந்து அந்த ‘இன்ஷா அல்லாஹ்’ என்னை உறுத்தத் தொடங்கியது. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்க்க வேண்டும் என்பது சூரத்துல் கஹ்ஃபில் வரும் கட்டளை. நாளை நம் கையில் இல்லை என்ற பணிவு அது. எங்கள் பேச்சில் அது என்னவாகிவிட்டது? முடியாது என்று சொல்லக் கூச்சப்படும்போது இதைச் சொல்லித் தப்புகிறோம். வராமல் விட்டதற்கு இறைவனின் நாட்டத்தைக் காரணமாக்குகிறோம். வாக்கை மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்று என்று ஓதிக்கொடுத்த அதே நாவால்தான் இதையும் சொல்கிறோம்.

நான்காவது ஆள் பள்ளிமுனையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பையன். கடற்றொழில். கோயிலில் பேஸ் பழகியவன். முதல் நாள் ஒத்திகைக்கு வந்ததும் கிற்றாரைத் தொடவில்லை. என் அறைச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான்.

“சேர், ஒரு பேனை தாங்கோ. நான் வராத நாளெல்லாம் முதல்லயே போட்டுவிடுறன்.”

இருட்டுக் காலத்தில் கடலுக்குப் போவான். பறுவத்தை ஒட்டி நிலவு எறிக்கும் நாட்களில் அவர்களுக்கு மீன்பாடு குறைவு, அப்போது கரையில் நிற்பான். போயா நாளில் எங்களுக்கும் பாடசாலை இல்லை. காற்று மாறினால் முதல் நாள் இரவு போன் பண்ணுவேன் என்றான். பதினொரு நாட்களுக்குச் சிவப்புப் புள்ளடி போட்டான். மாதத்தில் பதினொரு நாள் வராதவனை நம்பலாமா என்று எங்கள் லீட் கிற்றார்காரர் முணுமுணுத்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு அவன் பேனையை என் பக்கம் நீட்டினான்.

“இனி உங்கட நாளைப் போடுங்கோ சேர்.”

எனக்கு விளங்கவில்லை. நான்தானே குழுவை நடத்துபவன், எனக்கென்ன நாள்?

“வெள்ளிக்கிழமை பின்னேரம் புத்தளம் போனீங்களெண்டா திங்கள் காலமைதானே வாறீங்கள். முந்தி வாசிச்ச பெடியன் சொன்னவன், சனிக்கிழமை ஒத்திகை எண்டு வந்து ரெண்டு மூண்டு தரம் பூட்டின கதவைப் பாத்திட்டுப் போனவனாம்.”

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுபோலத்தான் சொன்னான். அந்த அறையில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் அப்போது கீபோட் வயரைத் தேடத் தொடங்கினார்கள்.

உண்மைதான். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். இங்கே வேலை, இங்கே காணி, பாதி கட்டிய வீடு. மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில். அவர்களுடைய பாடசாலை அங்கே, உம்மாவின் மருந்து அங்கே, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் சிநேகிதர்கள் அங்கே. ஒவ்வொரு வெள்ளியும் மதவாச்சி, அனுராதபுரம் சுற்றி பஸ்ஸில் போய்வருகிறேன். எங்களில் பலருடைய வாழ்க்கை இதுதான். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. ஊரில் எஞ்சிய அயலவர்கள் “எப்ப எல்லாருமா வாறீங்கள்?” என்று கேட்கும்போதெல்லாம் “இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம்” என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். சொன்ன வருடங்களை எண்ணினால் ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும். நம்பிக்கையான ஒருவரைத் தேடி நான் தீவு முழுக்க அலைந்தேன். வரமாட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டவர்களின் பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்தது.

அன்று பேனையை வாங்கி நானும் புள்ளடி போட்டேன். அவனுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். இரண்டும் விழாத நாட்களை எண்ணிப் பார்த்தோம். பத்து இருந்தன. பத்து நாள் போதும் என்றான்.

அந்தக் கலண்டர் இப்போது ஒவ்வொரு வருடமும் மாறுகிறது, புள்ளடிகள் மாறவில்லை. அவன் இன்றுவரை சொன்ன நாளில் வராமல் விட்டதில்லை. ஒரு தரம் காற்றால் பிந்தி, உப்புப் படிந்த சட்டையோடு நேரே கல்யாண வீட்டு மேடைக்கு வந்து நின்றான். கீழே கதிரைகளில் இருந்தவர்கள் பாடகியைப் பார்த்தார்கள், லீட் கிற்றாரைப் பார்த்தார்கள். அவனை எவரும் பார்க்கவில்லை. முதல் பாட்டில் அவன் கீழ்நரம்பைத் தொட்டபோது, மேடைப் பலகை வழியாக அது என் உள்ளங்காலுக்கு ஏறியது. டிரான்சிஸ்டரில் கேட்காத அந்தச் சத்தத்தை இப்போது நிரப்பிக்கொள்ளத் தேவையில்லை, அது அங்கேயே இருந்தது.

வீட்டுப் பிரச்சினையை நான் இன்னும் தீர்க்கவில்லை. அதற்கு ஒரு பேனை போதாது. ஆனால் அயலவர் கேட்டால் இப்போது உள்ளதைச் சொல்கிறேன்: மூத்த மகள் உயர்தரம் முடிக்கும்வரை இல்லை, அதற்குப் பிறகு அவர்களிடம் கேட்டுத்தான் சொல்வேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி கேட்பதை நிறுத்திவிட்டு, மழைக்கு முன் என் கிணற்றைத் தாங்களே மூடி வைக்கிறார்கள்.

நிகழ்ச்சி கேட்டு யாராவது தொலைபேசி எடுத்தால் நான் இன்னும் இன்ஷா அல்லாஹ் சொல்கிறேன். அதற்கு முன் எழுந்து போய்க் கலண்டரைப் பார்க்கிறேன்.