வாளித் தண்ணீரில் ஒரு காமிரா

அவலாஞ்சிக்காரன் தண்ணீரைத் தேடிப் போவானா என்று கேட்பீர்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய ஊர் இது! ஆனால் அந்தமானிலிருந்து மருமான் எழுதிவிட்டான்: "மாமா, மார்ச்சில் வாருங்கள், கடலுக்குள் முழுகிப் பார்க்கலாம்." படம் எடுத்தால் பிலிமில்தான் என்பது என் பழைய பிடிவாதம்.

புதிது கிடைக்காது. கடலுக்குள் படமெடுக்கும் நிக்கோனாஸ் காமிராவை 1963-ல் கொண்டுவந்த நிக்கான் கம்பெனி, 2001-ல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே கோயமுத்தூரில் ஒருவரிடம் பழைய நிக்கோனாஸ்-5 ஒன்றை ஒரு மாதப் பென்ஷனுக்குப் பேசி முடித்தேன். "ஐம்பது மீட்டர் ஆழம் தாங்கும், சார்!" என்றார். தாங்கும்தான், வாலிபத்தில்!

இந்தக் காமிராவின் மானமெல்லாம் ரப்பர் வளையங்களில் இருக்கிறது, நேயர்களே. முதுகுக் கதவில் ஒன்று, லென்ஸில் ஒன்று, பாட்டரி மூடியில் ஒன்று. நடுவே ஒரு தலைமயிர் சிக்கினால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். உப்புத் தண்ணீர் குடித்த காமிரா பிழைப்பது அரிது.

பிலிம் போடாமல் வாளியில் அமிழ்த்தினேன். "குளிப்பாட்டுகிறீர்களாக்கும்!" என்றாள் மனைவி. கதவோரம் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. துடைத்துத் திறந்தால், உள்ளே நல்ல வேளையாக ஒரே சொட்டு. வளையம் அப்பளமாய்த் தட்டையாகியிருந்தது.

புது வளையங்களை வரவழைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவிப் போட்டேன். இப்போது குமிழி இல்லை. ஆனால் கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகும். என் வாளியோ ஒரு முழம்! அதனால் முதல் முழுக்குக்குக் காலிக் காமிராவோடுதான் இறங்கப் போகிறேன்.

"படம் எடுக்காமல் வருவதற்கா ஒரு மாதப் பென்ஷன்?" என்கிறாள் மனைவி.