அந்தப் பாட்டை நிறுத்துடா!

ஒரு சினிமாப் பாட்டுக்காக அப்பா என்னோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தார். அது 2004-ம் வருடம்.

அப்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அப்பா கேசட் கடை வைத்திருந்தார். நோட்டுத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். 'ஏ' சைடு, 'பி' சைடு என்று பிரித்து, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் நிமிடக் கணக்குப் பார்த்துப் பதிவு செய்து கொடுப்பார். டி.எம்.எஸ் என்றால் உயிர். பழைய பாட்டு கேட்டு வருபவர்களிடம் ரெண்டு ரூபாய் குறைத்தே வாங்குவார்.

1964-ல் வந்த 'படகோட்டி'யில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ்-ஸும் சுசீலாவும் பாடியது 'தொட்டால் பூ மலரும்'. நாற்பது வருடம் கழித்து 'நியூ' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அதை மறுபடி எடுத்தார். வாலியின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டைப் புதிதாகப் போட்டார். எனக்கு 22 வயது. கடை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துவிட்டேன்.

"நிறுத்துடா!" என்று அப்பா ஸ்விட்சைத் தட்டினார். "வீட்டை இடிச்சுட்டு, கதவு நம்பரை மட்டும் வெச்சுக்கிட்டா அது நம்ம வீடாயிடுமா?"

நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க காலம் முடிஞ்சுபோச்சுப்பா. கேசட் எவன் வாங்குறான்?" என்றேன்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். நான் பேசியது பாட்டைப் பற்றி இல்லை என்று மூன்று பேருக்குமே புரிந்தது. எம்பி3 சிடி வந்து வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. அடுத்த வருடம் கடையை மூடினோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடுவதை 'கவர் சாங்' என்கிறார்கள். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு, ஆபீஸ் நண்பன் ஒருவன் அப்படி ஒரு பாட்டைக் கேட்கக் கொடுத்தான். 'ஹர்ட்' என்ற ஆங்கிலப் பாட்டு. 1994-ல் 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழுவின் டிரென்ட் ரெஸ்னர் எழுதிப் பாடியது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மின் இசையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு இளைஞனின் வலி.

அதையே 2002-ல் ஜானி கேஷ் பாடினார். அமெரிக்க கிராமிய இசையின் பெரிய பெயர். வயது 70, உடல் தளர்ந்திருந்தது. கிதாரும் பியானோவும் துணைக்கு, நடுங்கும் குரலில் பாடினார். அநேகமாக அதே வார்த்தைகள்தான். ஆனால், இளைஞன் பாடியபோது விரக்தியாகக் கேட்டது, கிழவர் பாடும்போது வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதாக மாறிவிட்டது. இந்தப் பாட்டு இனி தன்னுடையது இல்லை என்று ரெஸ்னரே பின்னாளில் சொன்னார்.

அதன் வீடியோவில், மூடிக்கிடக்கும் தன் பழைய மியூசியத்தைக் காட்டுவார் கேஷ். பராமரிப்பு இல்லாத கூடம், பழைய நினைவுப் பொருள்கள். மாடிப்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார் மனைவி ஜூன். 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பரில் கேஷும் போய்விட்டார்.

எனக்கு எங்கள் கடையின் ஷட்டர்தான் ஞாபகம் வந்தது. அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது என் மகன் பத்தாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்காக 'மடை திறந்து' பாட்டை கிதாரில் பழகிக்கொண்டிருந்தான். "யோகி பி பாட்டுப்பா" என்றான். மலேசியாவின் யோகி பி குழு 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தில் ராப் கலந்து செய்ததுதான் அவனுக்கு ஒரிஜினல்! "டேய், அது 1980-ல வந்த 'நிழல்கள்' பாட்டு. இளையராஜா, எஸ்.பி.பி!" என்று கத்தினேன். அவனோ அதையும் விட்டுவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தாலாட்டு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தான். துள்ளிக் குதிக்கும் பாட்டு, தூங்கி வழிகிறது.

"நிறுத்துடா! பாட்டையே கெடுத்துட்ட."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே உறைத்தது. மகன் எதிர்த்துப் பேசவில்லை. கிதாரை உறைக்குள் வைத்தான். நான் 22 வயதில் பேசியதைவிட அந்த மௌனம் அதிகமாக வலித்தது.

பக்கத்து அறையிலிருந்து அப்பா சுவரைப் பிடித்தபடி வந்தார். "எதுக்குடா நிறுத்தினே? வாசி, நல்லாத்தானே இருந்துச்சு."

"தாத்தா, அப்பா திட்டுறாரு."

"அவன் கிடக்கான். மெதுவா வாசிச்சாத்தான் எனக்குக் காதுல விழுது."

மகன் திரும்ப வாசித்தான். இந்த முறை நானும் ஒழுங்காகக் கேட்டேன். இளையராஜாவின் மெட்டு எங்கேயும் போய்விடவில்லை. வேகத்தில் நான் கவனிக்காமல் விட்ட வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பாட்டு முடிந்ததும், "அப்பா, அன்னிக்குக் கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். இருபது வருடத்துக்கு மேல் தொண்டையில் கிடந்த வாக்கியம்.

அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"எந்தக் கடை?" என்றவர், பேரன் பக்கம் திரும்பிக்கொண்டார். "படகோட்டி பாட்டு ஏதாச்சும் வருமாடா உனக்கு? உனக்குப் பிடிச்ச மாதிரியே வாசி."