அனுபவப் புள்ளி

அனுபவம் என்பது நம் விமர்சனத்தில் ரொம்பவும் அடிபட்ட சொல். கவிதை பிடித்தால் அதில் அனுபவம் இருக்கிறது என்கிறோம். பிடிக்காவிட்டால் இல்லை என்கிறோம். எது அனுபவம், எவ்வளவு என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தயங்காமல் பதில் எழுதிவைத்திருப்பவர்கள் ஒருசாரார் உண்டு: விளையாட்டுகளுக்கு விதி செய்பவர்கள்.

அடையாறில் என் அக்கா பெண்ணும் அவள் சிநேகிதர்களும் சனிக்கிழமை மாலைகளில் ஆடும் ஆட்டத்தில் ஒரு வருஷமாக நானும் உட்காருகிறேன். ஒருவர் ஓர் உலகத்தை வாயாலேயே விவரித்துக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். செய்ததற்கு அனுபவப் புள்ளிகள் உண்டு. புள்ளி சேர்ந்தால் பாத்திரம் ஒரு படி உயரும், பலம் கூடும். அந்த மேஜையில் எதிரியை வீழ்த்தினால்தான் புள்ளி என்று வைத்திருந்தார்கள். ஒரு மாலை முழுவதும் கிழட்டுக் காவல்காரன் ஒருவனோடு பேசியே கழிந்தது. போரில் இறந்த மகனைப் பற்றி அவன் சொன்னான். பிறகு தானாகவே கதவைத் திறந்துவிட்டான். கணக்குப் பார்த்தபோது யாருக்கும் ஒரு புள்ளிகூட இல்லை. "அப்போ இன்னிக்கு ஒண்ணுமே நடக்கலையா மாமா?" என்று கேட்டாள். நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கில்தான் இல்லை.

இந்த வகை ஆட்டங்களுக்கு மூலம் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. போர்வீரன் இரண்டாம் படிக்குப் போக 2000 புள்ளி வேண்டும். பூதங்களைக் கொன்றாலும் புள்ளி உண்டு. ஆனால் 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு அதை வெகுவாகக் குறைத்துவிட்டது. பணம்தான் அனுபவமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த விதி வளர்த்தது ஒருவகை விவேகத்தை. பொன்னுக்குத்தான் மதிப்பென்றால் பூதத்தோடு மோதுவது வீண்; பதுங்கியோ பேசியோ ஏமாற்றியோ எடுத்துக்கொண்டு ஓடிவருவதே புத்தி. 1989இன் இரண்டாம் பதிப்பில் பொன்னுக்கான புள்ளி விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் விதியாக ஒதுங்கியது. கொல்வதற்கான புள்ளியின் எடை கூடியது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மனிதர்கள் செய்கிறார்கள்.

நம் பரமபத சோபானத்தில் விஷயம் வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க மயிலாப்பூர் வீடுகளில் ஆடிய ஆட்டம். ஏணிகள் புண்ணியம், பாம்புகள் பாவம், உச்சியில் வைகுண்டம். அதுவும் படியேற்றம்தான். ஆனால் அங்கே யாரும் புண்ணியம் செய்யத் தீர்மானிப்பதில்லை. தாயக்கட்டையில் விழுந்த எண் புண்ணியத்தின் காலடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. செயலில்லாத பலன். என்றாலும் அந்தப் பலகைக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: எவ்வளவு ஏறினாலும் மேலே ஒரு பாம்பு காத்திருக்கும். ஏறியது யாருக்கும் சொத்தாகாது. மேலைநாட்டு ஆட்டத்தில் சேர்த்த புள்ளி, சில அபூர்வத் தருணங்கள் தவிர, கையைவிட்டுப் போவதில்லை.

நிஜ வாழ்க்கையிலும் இந்தப் படிகள் உண்டு. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மார்கழியில் பகல் நேரம் இளையவர்களுக்கு, மாலை நேரம் பெரியவர்களுக்கு. வானொலி வித்வான்களை பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் ஒரு பெண் பாடிய தோடியை நான் மறக்கவில்லை. அது எந்தப் படியில் சேர்ந்தது என்று தெரியாது.

புள்ளியே வேண்டாம் என்றால்? 2014இல் வந்த 'டன்ஜன்ஸ்' பதிப்பு, கதையின் முக்கியத் திருப்பங்களில் ஆட்டத்தை நடத்துபவரே படியுயர்வு தரலாம் என்கிறது. அடையாறிலும் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். காவல்காரனுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் எது திருப்பம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் போய்விட்டது. பத்திரிகை நடத்திய யாருக்கும் இந்த அதிகாரத்தின் சுகமும் அபாயமும் புதிதல்ல.

எழுத்துக்கு நெருங்கி வருபவை என்று எனக்குப் படுவது வேறு இரண்டு விதிகள். 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' படிகளையே நீக்கியது. பாத்திரம் எந்தத் திறமையைப் பயன்படுத்தி வெற்றி பெற்றதோ அதன் பக்கத்தில் ஒரு குறி. பிறகு பகடை போட்டு, தேறினால் அந்தத் திறமை மட்டும் சற்று வளரும். திறமை கூடக்கூட அந்தப் பகடை பலிப்பது அரிதாகும். தெரிந்தவனுக்குக் கற்பது கஷ்டம். 1981இன் 'கால் ஆஃப் கதுலு' இன்னும் கொடுமை. அதில் பாத்திரத்தின் சித்த சுவாதீனத்துக்கு ஓர் எண் உண்டு. உலகத்தின் பயங்கர ரகசியங்களை அறிய அறிய அந்த எண்ணின் உச்சவரம்பு இறங்கும். அறிந்ததன் அளவை 99இலிருந்து கழித்தால் மிஞ்சுவதே வரம்பு. அறிவுக்கு விலை உண்டு என்பதைக் கழித்தல் கணக்காகவே போட்டுவைத்திருக்கிறார்கள்.

நம் வட்டத்திலும் கணக்கு இல்லாமல் இல்லை. எத்தனை தொகுதி, யார் முன்னுரை, என்ன பரிசு என்று வாய்விட்டுச் சொல்லாமல் எண்ணுகிறோம். ஐந்தாவது தொகுதி நாலாவதைவிட மேலே நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். அது 'டன்ஜன்ஸ்' கணக்கு. முதிர்ந்த கவிஞன் எழுதாமலிருக்கும் வருஷங்களைத் தேக்கம் என்று குறித்துக்கொள்கிறோம். அது ரூன்குவெஸ்டின் பகடையாகவும் இருக்கலாம். விமர்சனமும் ஒரு விதிப் புத்தகம். அதில் எதற்குப் புள்ளி என்று பார்த்துத்தான் அடுத்து வருகிற இளைஞன் எழுத உட்காருகிறான். வெட்டியதற்கு மட்டும் கணக்கு வைத்தால் வெட்டுகிறவர்கள்தான் நமக்குக் கிடைப்பார்கள்.